இசை எழுதும் கட்டளைகளும் அவற்றின் பெயர்களும்

ஐந்து கிடைக்கோடுகளின் மீது சுரங்களைப் பதிக்கும் மேற்கத்திய இசைக் குறியீட்டை அச்சுக்குக் கொண்டுவரும் வேலை, இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதிவரை உலோகத் தகட்டில் கையால் செதுக்கும் கைவினைஞரிடம் இருந்தது. இன்று அதைக் கணினி மென்பொருள்கள் செய்கின்றன. செதுக்குபவர் தம் கருவிக்கு வாய்விட்டு எதையும் சொல்லத் தேவையில்லை; ஆனால் மென்பொருளைப் பயன்படுத்துபவர் தமக்கு வேண்டியதை ஏதோ ஒரு பெயரால் கேட்டே பெற வேண்டியிருக்கிறது. அந்தப் பெயர் இசைஞரின் மனத்தில் உள்ள கருத்தோடு பொருந்தும்போது வேலை தானாக நடப்பதுபோல் தோன்றுகிறது. பொருந்தாதபோது, இசையை முழுமையாக அறிந்தவரும் ஓர் எளிய அடையாளத்தைத் தாளில் வரவழைக்கக் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருக்க நேர்கிறது.

இந்த மென்பொருள்களை இரு வகையாகப் பிரிக்கலாம். 1988-இல் வெளிவந்த ஃபினாலே, 1993-இல் வந்த சிபேலியஸ், 2016-இல் வந்த டொரிகோ, கட்டணமின்றிக் கிடைக்கும் மியூஸ்ஸ்கோர் ஆகியவற்றில் திரையிலேயே தாள் தெரியும். சுட்டியால் சொடுக்கியும் விசைகளை அழுத்தியும் சுரங்களை இடலாம். நெதர்லாந்தைச் சேர்ந்த ஹான்-வென் நீன்ஹைஸ், யான் நியூவென்ஹைசன் ஆகிய இருவரும் 1996-இல் தொடங்கிய லிலிபாண்ட் மற்றொரு வகை. இதில் இசைத்தாள் முழுவதையும் சாதாரண எழுத்துகளால் ஒரு கோப்பில் எழுதிக் கொடுக்க வேண்டும். மென்பொருள் அதைப் படித்து, இடைவெளிகளையும் வளைகோடுகளையும் தானே கணித்து, அச்சுக்கு உரிய பக்கத்தை உருவாக்கித் தரும். சுரங்கள் எழுத்துகளாலும் அவற்றின் கால அளவு எண்களாலும் குறிக்கப்பட, மற்ற அறிவுறுத்தல்கள் பெரும்பாலும் பின்சாய்வுக் கோட்டில் தொடங்கும் சொற்களாக அமைகின்றன. அந்தச் சொற்களே கட்டளைகள். திரையில் படமோ பட்டியலோ துணைக்கு இல்லாத இத்தகைய மென்பொருளில் கட்டளையின் பெயர்தான் பயன்படுத்துபவர் தொடக்கூடிய ஒரே கைப்பிடி. ஆகவே பெயரிடும் சிக்கல் இதில்தான் மிகத் தெளிவாக வெளிப்படுகிறது.

பெயரே இல்லாத கட்டளைகளும் ஒரு காலத்தில் இருந்தன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லேலண்ட் ஸ்மித் உருவாக்கிய ஸ்கோர் என்னும் மென்பொருளில் தாளில் இடம்பெறும் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் இருந்தது: 1 என்றால் சுரம், 2 என்றால் ஓய்வு, 3 என்றால் வரிசையின் தொடக்கத்தில் வரும் கிளெஃப் அடையாளம், 5 என்றால் வளைகோடு, 14 என்றால் தாளப் பகுதியைப் பிரிக்கும் செங்குத்துக் கோடு. அதை அடுத்து, எந்த வரிசையில், எவ்வளவு தள்ளி, எந்த உயரத்தில் என்பவையும் எண்களாகவே தொடரும். இந்த எண்களை நெஞ்சில் பதித்துக்கொண்ட தொழில்முறை அச்சமைப்பாளர்கள் அதைக் கொண்டு மிக அழகிய பக்கங்களை உருவாக்கினார்கள். எண்களுக்குப் பதில் சொற்கள் வந்தபோது கற்பது எளிதானது உண்மையே. ஆனால் எண் ஒருபோதும் பொய் சொல்வதில்லை, சொல்லோ தவறான ஒன்றை நினைக்க வைக்கும். எண்ணைப் பார்த்த புதியவர் தமக்குத் தெரியாது என்று அறிந்துகொள்கிறார். பொருந்தாத சொல்லைப் பார்த்தவரோ தமக்குத் தெரிந்துவிட்டதாக நம்பிவிடுகிறார்.

இதற்கு லிலிபாண்டின் வரலாற்றில் உள்ள மிகத் தெளிவான சான்று, 'டைம்', 'டைம்ஸ்' என்ற இரு கட்டளைகள். முதலாவது தாள அளவைக் குறிக்கிறது. 'டைம் 3/4' என்று எழுதினால் ஒரு பகுதிக்கு மூன்று அடிகள் கொண்ட தாளம் என்று தாளில் பதியும். இரண்டாவது, கர்நாடக இசையில் திஸ்ர நடை என்று சொல்லப்படுவதற்கு நெருங்கிய ஒன்றுக்காக ஏற்பட்டது: இரண்டு சுரங்கள் வரவேண்டிய கால அளவுக்குள் மூன்றைச் சமமாக அடக்குவது. மேற்கத்திய இசையில் இதைப் போன்ற தொகுதிகளுக்கு டியூப்லெட் என்று பொதுப்பெயர். தொகுதியின் மேல் 3 என்ற எண்ணை எழுதுவது வழக்கம். இதைப் பெற லிலிபாண்டில் 'டைம்ஸ் 2/3' என்று எழுத வேண்டியிருந்தது. இங்கே டைம்ஸ் என்பது ஆங்கிலத்தில் பெருக்கலைக் குறிக்கும் சொல். ஒவ்வொரு சுரத்தின் கால அளவையும் மூன்றில் இரண்டு பங்கால் பெருக்கு என்பதே கட்டளையின் பொருள். கணக்கு முற்றிலும் சரியானது. ஆயினும் ஓர் எழுத்து கூடினால் வேறு பொருள் தரும் இரு சொற்களை, இரண்டையும் அடுத்து ஒரு பின்னம் வருமாறு, இரண்டும் தாளத்தோடு தொடர்புடையனவாக வைத்தது பெரும் குழப்பத்துக்கு இடம் தந்தது. அதைவிட ஆழமான குறை பின்னத்தில் இருந்தது. எந்த இசைஞரும் இரண்டின் இடத்தில் மூன்று என்றுதான் நினைக்கிறார்; அவர் தாளில் காண்பதும் 3 என்ற எண்ணையே. கட்டளையோ அவரை 2/3 என்று தலைகீழாக எழுதச் சொன்னது. ஐந்தை நான்கின் இடத்திலும் ஏழை ஆறின் இடத்திலும் பொருத்தும் சிக்கலான தொகுதிகளில், கணக்கை மனத்துக்குள் திருப்பிப் போடும் இந்தச் சிறு சுமை ஒவ்வொரு முறையும் தவறுக்கு வழி திறந்தது.

2013 டிசம்பரில் வெளிவந்த 2.18 பதிப்பில் இதற்கு மாற்றாக 'டியூப்லெட் 3/2' என்ற வடிவம் இடம்பெற்றது. மேலோட்டமாகப் பார்த்தால் சொல் மாறி, பின்னம் திரும்பியிருக்கிறது, அவ்வளவே. உள்ளே நடக்கும் கணக்கில் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் பெயரின் சார்பு முழுவதும் இடம் மாறிவிட்டது. முன்னது மென்பொருள் செய்யும் செயலைச் சொன்னது. பின்னது இசைஞர் வேண்டும் பொருளைச் சொல்கிறது. கட்டளைக்குப் பெயர் வைப்பவர் தேர்ந்தெடுக்க வேண்டியது இந்த இரண்டில் ஒன்றைத்தான். நிரலை எழுதியவருக்குப் பெருக்கல் என்பது இயல்பான சொல்லாகத் தோன்றியதில் வியப்பில்லை, ஏனெனில் அவர் கண்முன் இருந்தது பெருக்கல்தான். அவரே அந்தக் கட்டளையின் முதல் பயனராகவும் இருந்ததால் அது விளங்காமல் போகும் என்று ஐயுறக் காரணமும் இருந்திருக்காது.

இதே சார்பில் பிறந்த வேறு பெயர்களும் இருந்தன. சுரங்களுக்கு மேலோ கீழோ எழுதப்படும் நீண்ட சொற்கள், இயல்பாகச் சுரங்களின் இடைவெளியைப் பாதிப்பதில்லை. சொல்லின் நீளத்துக்கு ஏற்பச் சுரங்களைத் தள்ளி வைக்க வேண்டுமானால் அதற்கென ஒரு கட்டளை உண்டு. அது முன்பு 'ஃபேட் டெக்ஸ்ட்', அதாவது பருத்த எழுத்து என்று அழைக்கப்பட்டது. எழுத்து தனக்கென்று அகலம் கொண்டது என்பதையே நிரலாளர் பருமன் என்றார். அச்சுத்தொழிலை அறிந்தவர் எவரும் அதைத் தடித்த எழுத்துரு என்றுதான் எடுத்துக்கொள்வார். பின்னர் அது 'டெக்ஸ்ட் லெங்த் ஆன்' என்று மாறியது. எழுத்தின் நீளத்தைக் கணக்கில் எடு என்று அது தன் வேலையைத் தானே சொல்லிவிடுகிறது. சுரங்களின் கால அளவை ஒரு விகிதத்தால் மாற்றும், ஆனால் தாளில் எந்த எண்ணையும் காட்டாத இன்னொரு கட்டளை 'கம்ப்ரெஸ் மியூசிக்', அதாவது இசையைச் சுருக்கு என்று இருந்தது. விகிதம் ஒன்றுக்கு மேற்பட்டால் அது சுருக்காமல் நீட்டும் என்பதால் பெயர் பாதி நேரம் உண்மைக்கு மாறானது. அது இப்போது 'ஸ்கேல் டியூரேஷன்ஸ்', கால அளவுகளை விகிதப்படி மாற்று என்று வழங்குகிறது.

சுரத்தின் தலையிலிருந்து நீளும் காம்பு மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ அமையலாம். மேலே வேண்டுமென்றால் 'ஸ்டெம் அப்', கீழே வேண்டுமென்றால் 'ஸ்டெம் டவுன்'; இவ்விரண்டையும் விட ஒரு புதியவருக்குத் தெளிவான பெயர் அமைய முடியாது. சுரத்தின் இடத்தைப் பார்த்து மென்பொருளே முடிவு செய்யட்டும் என்ற மூன்றாவது நிலைக்குத் தொடக்கத்தில் 'ஸ்டெம் போத்' என்று பெயர். போத் என்றால் இரண்டும். மேலும் ஆகலாம், கீழும் ஆகலாம் என்ற கருத்தில் வைத்த பெயர். படிப்பவருக்கோ இருபுறமும் காம்பு நீளும் என்று தோன்றும். அது 'ஸ்டெம் நியூட்ரல்' என்று திருத்தப்பட்டது. தனித்தனியே சரியாக இருக்கும் இரு பெயர்கள் ஒன்றோடொன்று முரண்படுவதும் உண்டு. பியானோவின் வலப்புற மிதிகட்டையை அழுத்தி ஒலியை நீடிக்கச் செய்வதைக் குறிக்க 'சஸ்டெயின் டவுன்', விடுவிக்க 'சஸ்டெயின் அப்' என்ற கட்டளைகள் இருந்தன. காலின் அசைவை நினைத்துப் பார்த்தால் இவை பொருத்தமானவையே. ஆனால் இதே மென்பொருளில் மேல், கீழ் என்ற சொற்கள் எங்கெங்கும் தாளில் ஓர் அடையாளம் அமையும் இடத்தையே குறிக்கும்போது, இங்கு மட்டும் அவை காலைக் குறித்தன. அவை 'சஸ்டெயின் ஆன்', 'சஸ்டெயின் ஆஃப்' என்று மாற்றப்பட்டதால், ஒரு சொல்லை ஓர் இடத்தில் கற்றவர் அதே பொருளில் வேறிடத்திலும் நம்பிப் பயன்படுத்த முடிகிறது.

மிகச் சிறந்த பெயர்கள், அவை சுட்டும் வேறுபாட்டைத் தாமே கற்பித்துவிடும். 2.18 பதிப்பில் வந்த 'ஹைட்', 'ஓமிட்' ஆகிய இரண்டும் அத்தகையவை. தாளில் ஓர் அடையாளம் கண்ணுக்குத் தெரியக்கூடாது என்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. மாணவர் நிரப்ப வேண்டிய வினாத்தாளில் சுரங்கள் மறைய வேண்டும், ஆனால் அவற்றுக்குரிய வெற்றிடம் அப்படியே இருக்க வேண்டும்; தாள அளவே தேவைப்படாத பாடலில் தாளக்குறி மட்டுமல்லாமல் அதன் இடமும் இல்லாமல் போக வேண்டும். முன்பு இவற்றைப் பெற, ஒன்றுக்கு அந்தப் பொருளின் ஒளிபுகும் தன்மையை மாற்றவும், மற்றொன்றுக்கு அதன் வரைவடிவத்தை இல்லையென்று அறிவிக்கவும் நீண்ட வரிகளை எழுத வேண்டியிருந்தது. எது இடத்தை விட்டுவைக்கும், எது விட்டுவைக்காது என்பது அந்த வரிகளைப் பார்த்தால் தெரியாது. மறை, விடு என்ற இரண்டு எளிய சொற்கள் வந்ததும் விளக்கத்துக்கே தேவை குறைந்தது. மறைத்தது அங்கேயே இருக்கிறது, விட்டது இல்லை என்பது பேசும் மொழியிலேயே அடங்கியிருக்கிறது.

எல்லாவற்றுக்கும் சொல்தான் வேண்டும் என்பதும் இல்லை. லிலிபாண்டில் வளைகோடு பிறை அடைப்புக் குறிகளால் தொடங்கி முடிகிறது. ஒலி படிப்படியாகப் பெருகுவதைக் காட்டும் விரிகோட்டுக்குப் பின்சாய்வுக் கோட்டை அடுத்து, தாளில் தோன்றும் வடிவத்தையே ஒத்த கூர்முனைக் குறி வருகிறது. தாளப் பகுதிகளைப் பிரிக்கும் கோடுகளுக்குப் பெயர் சூட்டாமல், நிலைக்குத்துக் கோடு, புள்ளி, முக்காற்புள்ளி ஆகிய விசைகளால் அவற்றை வரைந்தே காட்ட வேண்டும். மெல்லிய கோட்டுக்கு நிலைக்குத்துக் கோடும் தடித்த கோட்டுக்குப் புள்ளியும் என்று 2.18 பதிப்பு இதைச் சீராக்கியது. அதனால் முன்பு முக்காற்புள்ளியும் ஒரு கோடுமாக இருந்த மீள்வாசிப்பு முடிவு, தடித்த கோட்டுக்கான புள்ளியையும் சேர்த்துப் பெற்றது. பழகியவருக்கு எரிச்சல் தந்திருக்கக்கூடிய மாற்றம்தான். ஆனால் புதிய வடிவில் எழுத்துக்கும் கோட்டுக்கும் ஒன்றுக்கு ஒன்று பொருத்தம் இருப்பதால், கேள்விப்படாத ஒரு கோட்டையும் எப்படி எழுதுவது என்று பார்த்தவுடன் ஊகிக்க முடிகிறது.

இசைஞரின் சொல்லையே எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தபின், எந்த நாட்டு இசைஞரின் சொல் என்ற கேள்வி எழுகிறது. முழு அளவின் நான்கில் ஒரு பங்கு சுரத்தை அமெரிக்கர் குவார்ட்டர் நோட் என்பர், ஆங்கிலேயர் கிராட்செட் என்பர். லிலிபாண்ட் இந்த வழக்கில் தலையிடாமல் 4 என்ற எண்ணையே வைத்துக்கொண்டது. எட்டில் ஒரு பங்குக்கு 8, பதினாறில் ஒரு பங்குக்கு 16. சுரப்பெயர்களில் இப்படி ஒதுங்க வழியில்லை. மென்பொருள் பிறந்த நாட்டின் வழக்கப்படி, வேறு மொழி சொல்லப்படாதபோது டச்சுப் பெயர்களே செல்லுபடியாகும்: ஷார்ப் என்பதற்கு 'இஸ்', ஃபிளாட் என்பதற்கு 'எஸ்' என்ற விகுதிகள் சேர்கின்றன. ஜெர்மானியரிடம் எச் என்னும் எழுத்து, ஆங்கிலேயர் பி என்று சொல்லும் சுரத்தைக் குறிக்கிறது. பி என்று ஜெர்மானியர் சொல்வதோ அதைவிட அரைச்சுரம் தாழ்ந்தது. ஒரே எழுத்து இரண்டு நாட்டில் இரண்டு ஒலியாக இருப்பதால் நடுவான தீர்வு என்று ஒன்று இருக்கவே முடியாது. கோப்பின் தொடக்கத்தில் மொழியை அறிவித்துவிட்டால் இத்தாலியம், பிரெஞ்சு, ஸ்பானியம், ஃபின்னியம் உள்ளிட்ட பல வழக்குகளில் சுரங்களை எழுதலாம் என்ற ஏற்பாடே இங்கு நேர்மையானது. கட்டளைகளுக்கு இந்த உரிமை விரிவுபடுத்தப்படவில்லை. அவை ஆங்கிலம், இடையிடையே 'அச்சியக்கதூரா' போன்ற இத்தாலியக் கலைச்சொற்கள், 'ப்ரால்' போன்ற ஜெர்மன் சொற்கள் என்று கலந்து நிற்கின்றன. இத்தாலியச் சொற்களை எந்த நாட்டு இசை மாணவரும் பாடத்தில் கற்றிருப்பார் என்பதால் அவற்றில் குறையில்லை. அமெரிக்க வழக்கான மெஷர் என்பதும் பிரிட்டிஷ் வழக்கான பார் என்பதும் ஒரே மென்பொருளுக்குள், ஒரே பொருளுக்கு, வெவ்வேறு பெயர்களில் கலந்து கிடப்பதைத்தான் குறையாகச் சொல்ல வேண்டும். தாளப் பகுதியின் வரிசை எண்ணைக் குறிக்கும் பண்பில் பார் வருகிறது. அதன் நீளத்தைக் குறிக்கும் பண்பில் மெஷர் வருகிறது. இதில் கற்பவர் உய்த்துணரக்கூடிய விதி எதுவும் இல்லை, மனப்பாடம் செய்வதே வழி.

பெயரால் மட்டும் தீராத இடங்களும் இருக்கின்றன. லிலிபாண்டில் ஓர் அமைப்பை மாற்ற 'செட்', 'ஓவர்ரைடு', 'ட்வீக்' என்ற மூன்று கட்டளைகள் உண்டு. வரிசை முழுவதையும் ஆளும் சூழலின் பண்பை மாற்ற முதலாவது. இனி வரப்போகும் காம்புகள், வளைகோடுகள் போன்ற வரைபொருள்களின் தோற்றத்தை மாற்ற இரண்டாவது. அடுத்து வரும் ஒரே ஒரு பொருளை மட்டும் மாற்ற மூன்றாவது. மூன்றும் பேச்சு வழக்கில் ஏறக்குறைய ஒரே பொருள் தருவதால் புதியவர்கள் இடறுகிறார்கள். ஆனால் வேறு எந்தச் சொற்களை வைத்தாலும் சிக்கல் முழுவதும் அகலாது, ஏனெனில் சூழலுக்கும் வரைபொருளுக்கும் உள்ள பிரிவு மென்பொருளின் உட்கட்டமைப்பில் உள்ளது, இசைஞரின் மனத்தில் அது இல்லை. இத்தகைய இடத்தில் புதிய கருத்தை முதலில் கற்பித்துவிட்டு அதற்குப் பெயர் வைப்பதே முறை. டொரிகோ இதைத் துணிந்து செய்தது. ஒரு கோப்பில் அடங்கும் தனித்த இசைப்பகுதியை அது ஃப்ளோ என்று அழைக்கிறது. சிம்பொனியின் ஒரு பிரிவும், பாடல் தொகுப்பின் ஒரு பாடலும், பயிற்சி நூலின் இரண்டு வரிப் பயிற்சியும் அதில் அடங்க வேண்டியிருந்ததாலும், வழக்கிலிருந்த எந்தச் சொல்லும் இம்மூன்றையும் தழுவாததாலும் அந்தப் புதுப்பெயர் நியாயமாகிறது. திரையில் இயங்கும் மென்பொருள்களிலும் பெயர்களின் மதிப்பு இப்போது உயர்ந்துகொண்டிருக்கிறது. 2022-இல் வந்த டொரிகோவின் நான்காம் பதிப்பில், ஒரு விசையை அழுத்திக் கட்டளையின் பெயரைத் தட்டெழுதியே அதை இயக்கும் பட்டை சேர்க்கப்பட்டது. பட்டியலில் எந்த மூலையில் இருக்கிறது என்று தேடுவதற்குப் பதில் இதற்கு என்ன பெயர் இருக்கும் என்று ஊகிக்க வேண்டியிருப்பதால், ஊகத்துக்கு எட்டாத பெயர் இருந்தும் இல்லாததற்குச் சமமாகிறது.

தவறான பெயரைக் கண்டவுடன் மாற்றிவிடலாமே என்ற எண்ணத்துக்கு இசைத்தாள்களின் ஆயுள் தடையாக நிற்கிறது. ம்யூடோபியா என்னும் இலவச இசைத்தாள் தொகுப்பில் 2,000-க்கும் மேற்பட்ட படைப்புகள் லிலிபாண்ட் கோப்புகளாக உள்ளன. தன்னார்வலர்கள் வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு பதிப்புகளின் கட்டளைகளைக் கொண்டு எழுதியவை அவை. ஒரு பெயரை மாற்றினால் அவற்றில் பல புதிய பதிப்பில் இயங்காமல் நின்றுவிடக்கூடும். இதற்காகவே ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் அது எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டது என்று குறிப்பது வழக்கமாயிற்று. அந்த எண்ணைப் பார்த்து, பழைய பெயர்களைப் புதியவையாகப் படிப்படியாக மாற்றித் தரும் ஒரு துணைநிரலும் லிலிபாண்டுடன் வருகிறது. டைம்ஸ் என்பதை டியூப்லெட் ஆக்கும்போது பின்னத்தையும் அதுவே திருப்பிப் போடுகிறது. தன்னால் இயலாத இடம் வந்தால் அதைப் பயனருக்கு அறிவித்துக் கையால் திருத்தச் சொல்கிறது. இந்த ஏற்பாடு இல்லாதிருந்தால் மேலே சொன்ன திருத்தங்களில் பெரும்பாலானவை துணிந்து செய்யப்பட்டிருக்காது என்று கருத இடமுண்டு. அச்சிட்ட நூல்களிலும் பழைய பாடங்களிலும் பழைய பெயர்களே நீடிக்கும் என்ற இழப்பை மட்டும் எந்த நிரலாலும் ஈடுசெய்ய முடியாது.

பெயரிடும் உரிமையில் ஒரு பங்கு பயனரிடமும் விடப்பட்டிருக்கிறது. லிலிபாண்டில் எவரும் தமக்கு வேண்டிய கட்டளையைத் தாமே வரையறுத்துக்கொள்ளலாம். அண்மைப் பதிப்புகளில் உள்ள 'எட்செட்ரா' என்னும் சுருக்கக் கட்டளை, ஏற்கெனவே உள்ள ஒரு கட்டளையைப் பாதியளவு எழுதி, மீதி பின்னால் வரும் என்று விட்டுவிட வழி செய்கிறது. பெயரில் ரோமன் எழுத்துகள்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆகவே 'டியூப்லெட் 3/2' என்பதற்குத் திஸ்ரம் என்று தமிழ் எழுத்திலேயே பெயர் கொடுத்துவிட்டு, அதன்பின் கோப்பு முழுவதும் பின்சாய்வுக் கோட்டை அடுத்துத் திஸ்ரம் என்று எழுதினால் தாளில் மூன்று சுரங்களின் தொகுதி 3 என்ற எண்ணோடு அமைந்துவிடும். ஐவரிக் குறியீட்டைத் தமிழில் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் இவ்வாறு தம் மாணவருக்காக ஒரு சிறு சொல்தொகுதியையே உருவாக்கிக்கொள்ளலாம். அந்தக் கோப்பு வெளிநாட்டு இசைக்குழு ஒன்றின் கைக்குச் செல்லும்போது அங்குள்ளவரால் திஸ்ரம் என்பதைப் படிக்க இயலாது; ஆயினும் வரையறை அந்தச் சொல் பயன்படும் இடத்துக்கு முன்பே இடம்பெற வேண்டியிருப்பதால், அது எதைக் குறிக்கிறது என்பதை அவர் அங்கே பார்த்துத் தெரிந்துகொள்ள முடியும்.